மணல்வாரியும் சிவந்த தடிப்பும்: குழந்தைத் தோல்நோய்களைத் தமிழில் எழுதும் முறை பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

கவிதைத் தொகுதியையும் நாவலையும் திறனாய்வுக்கு உட்படுத்தும் நாம், மருத்துவ நிலையத்தின் காத்திருப்பு அறையில் கிடக்கும் தமிழ்த் துண்டுப்பிரசுரத்தை ஓர் எழுத்தாகவே கருதுவதில்லை. அதற்கு ஆசிரியர் பெயர் இல்லை, நடை இல்லை, இலக்கியத் தகுதியும் இல்லை என்பது பொதுவான எண்ணம். எனினும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இரவெல்லாம் உடலைச் சொறிந்துகொண்டு அழும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் நாடுவது அந்த எழுத்தைத்தான். அதில் ஒரு சொல் பிழைத்தால் குழந்தை துன்புறும். ஆகவே பாலவாகட மரபு, 19ஆம் நூற்றாண்டின் யாழ்ப்பாண மொழிபெயர்ப்புகள், இன்றைய புலம்பெயர் நாட்டுப் பிரசுரங்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து, குழந்தைகளின் தோல்நோய்களைத் தமிழ் எவ்வாறு எழுதிவந்துள்ளது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

தோல்நோயியலில் மொழி வகிக்கும் இடம் பிற துறைகளில் உள்ளதைவிடப் பெரிது. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் ஒவ்வாமைசார் எக்ஸிமாவை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை எதுவுமில்லை. பிரித்தானிய ஆய்வுக்குழு 1994இல் வெளியிட்ட நோயறி வரன்முறையில் முதல் நிபந்தனை அரிப்பு. குழந்தை சொறிகிறது அல்லது உரசுகிறது என்று பெற்றோர் கூறுவதே அதற்குச் சான்று. அதனுடன் கை, கால் மடிப்புகளில் நோய் இருத்தல் அல்லது முன்பு இருந்திருத்தல், பொதுவான வறட்சி, ஆஸ்துமா அல்லது ஒவ்வாமைத் தும்மல் வரலாறு, 2 வயதுக்கு முன் தொடங்கியிருத்தல் ஆகியவற்றுள் மூன்றேனும் பொருந்த வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவற்றை மருத்துவர் கேட்டே அறிகிறார். தாயின் சொல்லே முதற் சான்று என்னும்போது, அந்தச் சொல் எந்த அகராதியிலிருந்து வருகிறது என்பது மருத்துவக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

சிவப்பு என்னும் இரவல் அடையாளம்

இன்றைய பிரசுரங்களின் தலையாய குறை, அவை தோலை நிறத்தால் விவரிப்பது. சிவந்த தடிப்பு, செந்நிறத் திட்டு, சிவந்த புள்ளி என்னும் தொடர்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. மூலம் வெண்ணிறத் தோலை முன்வைத்து எழுதப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் சொல்லை மாற்றினார், தோலை மாற்றவில்லை. மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் எக்ஸிமாவின் அழற்சி பெரும்பாலும் சிவப்பாகத் தெரிவதில்லை. கரும்பழுப்பாக, ஊதா கலந்ததாக, சில வேளை சாம்பல் பூத்ததாகத் தெரியும். மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு பருக்களாக எழுவதும் மிகுதி. இத்தகைய குழந்தையின் தாய், பிரசுரத்தைப் படித்துவிட்டுத் தன் பிள்ளைக்குச் சிவப்பு இல்லையே என்று அமைதி கொள்கிறாள். அவள் தவறாகப் படிக்கவில்லை. எழுதியது அவளுக்காக எழுதப்படவில்லை, அவ்வளவே.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. நோயின் கடுமையை அளக்கும் அளவைகளே சிவப்பை எண்ணிக் கூட்டுகின்றன. பிரித்தானியத் தோல்மருத்துவ இதழில் 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிவப்புக்கான மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்டு சரிசெய்தபோது, கறுப்பினக் குழந்தைகளுக்குக் கடுமையான எக்ஸிமா இருக்கும் வாய்ப்பு வெள்ளையினக் குழந்தைகளைவிட ஏறத்தாழ 6 மடங்கு என்று காட்டியது. 2020இல் லண்டன் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே, கருநிறத் தோலில் நோய்க்குறிகள் எவ்வாறு தோன்றும் என்பதைத் தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து கையேடாக வெளியிட்டார். ஆங்கிலம் தன் குறையைத் திருத்தத் தொடங்கிவிட்டது. தமிழிலோ ஆங்கிலத்தின் பழைய குறையையே நாம் இன்னும் அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்.

நிறத்தை வைத்து எழும் பிழை மற்றொரு திசையிலும் செல்லும. நம் குழந்தைகள் பலர் இடுப்பின் பின்புறமும் பிட்டத்திலும் நீலச் சாம்பல் நிறத் திட்டுடன் பிறக்கின்றனர். அது நோயன்று, தோலின் ஆழத்தில் தங்கிய நிறமி உயிரணுக்களால் தோன்றி, பெரும்பாலும் சில ஆண்டுகளில் மங்கிவிடும். மேலைநாடுகளில் இதனை அடிபட்ட கன்றலாகக் கொண்டு, குழந்தைப் பாதுகாப்பு விசாரணைவரை சென்ற நிகழ்வுகள் உண்டு. கன்றல் நாளுக்கு நாள் நிறம் மாறும், தொட்டால் வலிக்கும். இத்திட்டு மாறாது, வலிக்காது. பிறந்தவுடன் இதனைக் குழந்தையின் மருத்துவப் பதிவில் குறிக்கச் சொல்லுங்கள் என்னும் ஒரு வரி பிரசுரங்களில் இருந்தால் பயனுடையது. யான் கண்டவற்றில் அது இல்லை.

பாலவாகடத்தின் தொடுபுலன்

இந்நிலையில் பழைய சொற்களை மீண்டும் பார்ப்பது நன்று. சித்த மருத்துவ மரபு கரப்பானைப் பல வகையாகப் பிரிக்கிறது. மண்டைக் கரப்பான், வரள் கரப்பான், பொரி கரப்பான், ஊது கரப்பான், சட்டைக் கரப்பான் என்னும் பெயர்களைக் கூர்ந்து நோக்கினால், வகைப்பாட்டின் அடிப்படை விளங்கும். எங்கே தோன்றுகிறது, வறண்டதா, பொரிந்ததா, ஊதியதா, உடலைச் சட்டைபோல் மூடியதா என்பவையே பெயர்களாயின. செங்கரப்பான், செங்கிரந்தி, கருங்கிரந்தி என நிறம் சுட்டும் பெயர்களும் உள்ளன; மரபு நிறத்தை முற்றாக விலக்கியது என்று கூறுவது மிகையாகும். ஆயினும் கையால் தொட்டு அறியும் குறிகளுக்கே அது பெரிதும் இடம் தருகிறது. தட்டம்மைக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் மணல்வாரி என்னும் பெயர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மணலை வாரி இறைத்ததுபோல் நுண்ணியதாய், சொரசொரப்பாய், நெருங்கிக் கிடக்கும் தடிப்பை அது ஒரே சொல்லில் காட்டுகிறது. மாநிறக் குழந்தையிடம் அந்தத் தடிப்பைக் கண்ணைவிட விரலே முன்னறியும்.

பழம்பெருமை பேசுவது இங்கு நோக்கமன்று. கரப்பான் விவரிப்பதற்கு நல்ல சொல், நோயைத் தீர்மானிப்பதற்குத் தீய சொல். எக்ஸிமா, குழந்தையின் உச்சந்தலையில் எண்ணெய்ப்பசையோடு படியும் செதில், பூஞ்சைத் தொற்று ஆகிய மூன்றும் அதனுள் அடங்கிவிடுகின்றன. அதனினும் தீயது, பெயருடன் ஒட்டிக்கொண்டு வரும் பத்தியம். கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு, இறால் ஆகியன விலக்கப்படுகின்றன. பாலூட்டும் தாய்க்கும் அந்த விலக்கு நீள்கிறது. சில குடும்பங்களில் கச்சான் எனப்படும் நிலக்கடலையும் அப்பட்டியலில் உண்டு. லண்டனில் நடத்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வொன்று, கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 4 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு நிலக்கடலையை முன்கூட்டியே உண்ணக் கொடுத்துவந்தால், பின்னாளில் நிலக்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைகிறது என நிறுவியது. மருத்துவ ஆலோசனையுடன், மசித்த வடிவில், தொடங்க வேண்டிய உணவு அது. நோயுள்ள குழந்தையைக் காக்க எண்ணிய பத்தியமே அதே குழந்தைக்குப் புதிய ஒவ்வாமையைத் தேடித்தரக் கூடும்.

சொறியும் சிரங்கும்

சொறிதல் என்னும் வினையே நோய்ப்பெயராயிற்று. அரிக்கும் எதுவும் சொறிதான். சிரங்கு என்னும் சொல்லோ பேன்போன்ற நுண்ணுண்ணியால் வரும் நோய்க்கும், பாக்டீரியாவால் வந்து தேன்நிறப் பொருக்குக் கட்டும் புண்ணுக்கும் ஒருங்கே வழங்குகிறது. பிரசுரங்கள் இரண்டையும் சிரங்கு என்றே எழுதுகின்றன. சிகிச்சையோ வேறு வேறு. பின்னதற்கு நுண்ணுயிர்க்கொல்லி வேண்டும். முன்னதற்கு 5 சதவீதப் பெர்மெத்ரின் களிம்பை உடல் முழுவதும் பூசி 8 முதல் 14 மணி நேரம் விட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூச வேண்டும். சிசுக்களுக்குக் கண்ணையும் வாயையும் தவிர்த்துத் தலைக்கும் முகத்துக்கும் பூச வேண்டும். அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். இரவில் கூடும் அரிப்பு, விரலிடுக்கு, சிசுவின் உள்ளங்கை, உள்ளங்கால், வீட்டில் மற்றவருக்கும் அரிப்பு ஆகியவை அடையாளங்கள். இதனை எக்ஸிமா எனக் கருதி ஸ்டீராய்டு களிம்பு பூசினால் குறிகள் மறைந்து, உண்ணி பெருகும்.

சொறி சிரங்கு என்னும் இரட்டைச் சொல் நம்மிடையே வசையாகவும் வழங்குவதால், குடும்பம் அதனை மறைக்கிறது. உறவினரிடம் சொல்லாத நோய்க்கு உறவினர் மருந்து பூசமாட்டார். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அழுக்கினால் வருவதன்று, நெருங்கிய தொடுகையால் வருவது என்னும் செய்தியைச் சொல்லத் தமிழில் வசை கலவாத பெயர் வேண்டும். வெண்குட்டம் என்னும் பெயரை நீக்கி வெண்புள்ளி என வழங்கச் செய்த தமிழ்நாட்டு முயற்சி இதற்கு முன்மாதிரி.

ஒரு மொழி, இரு நாட்டுச் சொற்கள்

புலம்பெயர் சூழலில் தமிழ்நாட்டவரும் ஈழத்தவரும் ஒரே மருத்துவ நிலையத்தில் சந்திக்கின்றனர். ஈழத்தில் சின்னமுத்து என்பது தட்டம்மை. தமிழ்நாட்டில் சின்னம்மை என்பது ஈழத்தவர் கொப்புளிப்பான் என்று கூறும் வேறு நோய். யாழ்ப்பாணத் தாய் சின்னமுத்து என்கிறாள். சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் செவியில் அது சின்னம்மையாக விழுகிறது. தட்டம்மையில் காய்ச்சல், இருமல், சளி, கண்சிவப்பு ஆகியன முன்வந்து, தடிப்பு முகத்தில் தொடங்கிக் கீழிறங்கும். கொப்புளிப்பானில் நீர்க்கொப்புளங்கள் வெவ்வேறு பருவங்களில் ஒரே வேளையில் காணப்படும். தட்டம்மைக் கிருமி, நோயாளி நீங்கிய பின்னரும் 2 மணி நேரம்வரை அறையின் காற்றில் தங்கும். தொடர்புற்றவருக்குத் தடுப்பூசி பயனளிக்கும் காலம் 72 மணி நேரமே. 2025இல் ஒன்ராறியோ மாகாணத்தில் தட்டம்மை பரவியபோது, இந்தச் சொற்குழப்பம் சொல்லாராய்ச்சியாளர் பொழுதுபோக்காக இருக்கவில்லை. பிரசுரத்தில் இரு நாட்டுப் பெயர்களையும் அருகருகே அச்சிடுவதற்கு ஒரு வரி இடமே போதும்.

அம்மை என்னும் சொல்லால் மற்றோர் இடரும் உண்டு. எக்ஸிமா உள்ள குழந்தையின் தோலில் ஹெர்பீஸ் கிருமி பரவினால், துளையிட்டாற்போன்ற ஒரே அளவான சிறு புண்கள் கூட்டமாய்த் தோன்றிக் காய்ச்சலும் வலியும் மிகும். மருத்துவமனையில் உடனே கிருமியெதிர் மருந்து தொடங்க வேண்டிய நிலை அது. அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலையுடன் காத்திருக்கும் வீட்டில் அந்த நேரம் வீணாகிறது.

கிறீனின் வழியும் மருந்தின் பெயரும்

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்து, 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கி, இரண வைத்தியம் முதலிய நூல்களை வெளிக்கொணர்ந்தார். வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலில் தேடுவதும், கிடைக்காதபோது வடமொழியையும், இறுதியாக ஆங்கிலச் சொல்லின் தமிழ் ஒலிவடிவத்தையும் நாடுவதும் அவர் முறை. அவருடைய உரைநடை இன்று கடினம் எனினும், மாணவர் அச்சொல்லைக் கொண்டு ஊரில் நோயாளியிடம் பேசப்போகிறார் என்னும் நினைவு அதன் பின்னால் இருந்தது. இன்றைய பிரசுரத்தில் அந்நினைவு குறைவு.

ஸ்டீராய்டு என்பதை ஊக்கமருந்து என்று பெயர்ப்பதை நோக்குக. செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் ஊக்கமருந்து என்பது விளையாட்டு வீரர் திருட்டுத்தனமாக உட்கொள்வது. அதைச் சிசுவின் கன்னத்தில் பூச எந்தத் தாய் உடன்படுவாள்? ஒலிபெயர்ப்பே இங்கு நேர்மையானது. இதற்கு மறுதலையாக, ஊரிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் கலப்புக் களிம்பு கேள்வியின்றிப் பூசப்படுகிறது. வீரியமிக்க ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றும் சேர்ந்த அக்களிம்பு, படர்தாமரையின் வடிவத்தை மாற்றி நாட்பட்டதாக்கும். இத்தகைய தோற்பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதை இந்திய அரசு 2018இல் கட்டுப்படுத்தியது. பயப்பட வேண்டியதற்குப் பயமின்மையும், பயன்படுத்த வேண்டியதற்குப் பயமும், பெயரின் வழியே வந்து சேர்கின்றன.

அளவைச் சொல்லும் இடத்தில் பிரசுரங்கள் இன்னும் தளர்கின்றன. சிறிதளவு, மிகக் குறைவாக என்று எழுதினால் தாய் ஒரு பொட்டளவு எடுத்து முழங்கை மடிப்பு முழுவதும் தேய்ப்பாள்; நோய் தணியாது, மருந்தின்மேல் நம்பிக்கை தணியும். வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனி முதல் முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரைக் கிராம். அது வளர்ந்தவரின் இரு உள்ளங்கைகள் மூடும் அளவு தோலுக்குப் போதுமானது. சிட்டிகை, கைப்பிடி, விரற்கடை என்று உடலாலேயே அளந்து பழகிய மொழியில் இதை எழுதுவது எளிது. யான் பார்த்த பிரசுரங்களுள் ஒன்றில் மட்டுமே விரல்நுனி அளவு படத்துடன் இருந்தது. அதிலும் அந்த விரல் தாயினுடையதா குழந்தையினுடையதா என்பது சொல்லப்படவில்லை.