மின்பெட்டி வாங்குமுன் ஒரு கணக்கு

கரிவலம்வந்தநல்லூர் துணைமின் நிலையத்தில் பராமரிப்புப் பணி என்று அறிவிப்பு வந்தால், காலை 9 மணிக்கு நின்ற மின்சாரம் பிற்பகலில்தான் திரும்பும். 2012இல் தென் மாவட்டங்களில் மின்வெட்டு நாளொன்றுக்கு 10 மணி நேரத்தையும் தாண்டியது. அக்காலத்தில் இன்வர்ட்டர் வாங்கிய வீடுகள் பல. இன்று அதற்குப் போட்டியாகப் ‘போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்’ வந்துள்ளது. மின்கலமும் இன்வர்ட்டரும் ஒன்றாய் அடங்கிய, கையில் தூக்கிச் செல்லும் மின்பெட்டி இது. எது நமக்கு ஏற்றது?

விளம்பரங்களின் முதற்குறை, எண்களை வைத்து மயக்குவது. ‘3,20,000 மில்லி ஆம்பியர்-மணி’ என்றால் மலைத்துவிடுகிறோம். அதை 320 ஆம்பியர்-மணியாக்கி, மின்கலத்தின் 3.2 வோல்ட்டால் பெருக்குங்கள். கிடைப்பது 1024 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ ஒரு யூனிட். மாறுமின்னோட்டமாக மாற்றும்போது ஏற்படும் இழப்பு போக, ஏறக்குறைய 870 வாட்-மணியே கைக்கு வரும்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. 75 வாட் மின்விசிறி ஒன்று, 9 வாட் விளக்கு இரண்டு. மொத்தம் 93 வாட். 5 மணி நேரத்திற்கு 465 வாட்-மணி போதும். இவ்வீட்டிற்கு அந்தப் பெட்டி தேவைக்கு மிஞ்சியது. பழைய மின்விசிறியை மாற்றி 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி பொருத்தினால் தேவை ஏறத்தாழப் பாதியாகிவிடும்!

அடுத்த வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியை நம்பி ஒரு முதியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்கருவி 300 வாட் இழுத்தால், அதே பெட்டி மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. 5 மணி நேரத்திற்கு 1500 வாட்-மணி வேண்டும். நிரப்பிய சிலிண்டர் ஒன்றும் அருகில் இருந்தாக வேண்டும். இங்கே கணக்குப் பிழைத்தால் உயிருக்கே ஆபத்து.

இன்வர்ட்டரின் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி காரீய அமில மின்கலம் ஏட்டில் 1800 வாட்-மணி. ஆயுள் குறையாதிருக்க ஏறத்தாழப் பாதியையே எடுக்கலாம். எடை 50 கிலோவைத் தாண்டும். வாலை வடிநீர் ஊற்ற வேண்டும். ஹைட்ரஜன் வெளியேறக் காற்றோட்டம் வேண்டும். ஆனால் விலை குறைவு. வீட்டு வயரிங்கோடு இணையும். பழுதானால் சங்கரன்கோவிலிலேயே ஆள் கிடைப்பார்.

மின்பெட்டியிலுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் எடை குறைந்தது. ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். எனினும் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் 25 பாகை செல்சியஸில் சோதித்துப் பெற்றது. நம் ஊர்ச் சித்திரை மாதத்து அறை அப்படியா இருக்கிறது?

எனவே, சொந்த வீட்டில் விசிறிக்கும் விளக்குக்கும் இன்வர்ட்டரே சிக்கனம். வயரிங்கைத் தொட முடியாத வாடகை வீட்டிற்கும், நோயாளியோடு இடம்விட்டு இடம் செல்ல வேண்டிய கருவிக்கும் மின்பெட்டி தகும். எதை வாங்கினாலும், நிற்கக்கூடாத கருவிகளின் வாட்டையும் மணியையும் பெருக்கி எழுதிய தாளோடு கடைக்குச் செல்லுங்கள்.