முகம் யாருடையது

1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மாயத்தேவர் ஜெயித்தார். ஓட்டு வேறொரு முகத்துக்காக விழுந்தது. கட்சிக்கு வயது ஏழு மாதம். 'உலகம் சுற்றும் வாலிபன்' அந்த மே 11-ம் தேதிதான் திரைக்கு வந்திருந்தது. எம்.ஜி.ஆர். பிம்பமும் இரட்டை இலையும் முதன்முதலாகச் சேர்ந்து நின்று ஜெயித்தது எங்கள் சமவெளியில்தான். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாவது இடத்துக்குப் போயிற்று. அந்த முகத்தைச் சுவரில் வரைந்தவனும், சலூனில் மாட்டியவனும், திருவிழா மேடையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆடிப் பிழைத்தவனும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் பிம்பம் இந்த அளவு வளர்ந்திராது.

பிரபலமானவரின் பெயர், முகம், குரல், தோரணை எல்லாம் அவருடைய சொத்து என்று நீதிமன்றங்கள் சமீப வருஷங்களில் சொல்லி வருவதால் இதை நினைவுபடுத்துகிறேன். 2015-ல் சென்னை உயர்நீதிமன்றம் 'மை ஹூன் ரஜினிகாந்த்' என்ற ஹிந்திப் படம் அவருடைய பெயரையும் உருவத்தையும் பாணியையும் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆள் அடையாளம் தெரிந்தால் போதும். பொய், குழப்பம், ஏமாற்று எதையும் நிரூபிக்கவேண்டியதில்லை என்பது அதன் சாரம். 2023-ல் டெல்லி உயர்நீதிமன்றம் அனில் கபூருக்கு அளித்த பாதுகாப்பில் அவர் சொல்லும் தோரணையிலான 'ஜக்காஸ்' என்ற சொல்லும் அடங்கிற்று. அந்தச் சொல்லோ பம்பாய்த் தெருவினுடையது.

விதை 1994-லேயே விழுந்துவிட்டது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதத்தை 'நக்கீரன்' வெளியிடலாமா என்ற வழக்கில், அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது, பொது ஆவணங்களில் உள்ளதைச் சம்மதமின்றியும் பிரசுரிக்கலாம் என்றது உச்சநீதிமன்றம். பத்திரிகைக்காரர்கள் கொண்டாடும் தீர்ப்பு. அதே தீர்ப்பில்தான், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமின்றி, விளம்பரத்துக்கோ வேறெதற்கோ பயன்படுத்துவதும், புகழ்ந்தோ இகழ்ந்தோ அவர் வாழ்க்கையை எழுதி வெளியிடுவதும் அந்தரங்க உரிமையை மீறக்கூடும் என்றும் இருக்கிறது. சாவியும் பூட்டும் ஒரே பட்டறையில் செய்யப்பட்டிருக்கின்றன. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரனுக்கு இது சட்டென்று கண்ணில் படும்.

எங்கள் ஊரிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடையின் பெயர் ஆனந்த விலாஸ். அவர் தலைப்பாகை கட்டுவார். ஆனந்த விலாஸ் என்ற பெயர் பின்னுக்குப் போயிற்று. தலைப்பாக்கட்டி என்பது நிலைத்தது. பிறகு அது வியாபாரச் சின்னமாகி, அதன் மேல் வழக்குகளும் நடந்தன. தலைப்பாகை அவருடையது, சரி. அதைப் பெயராக்கிய வாய்கள் யாருடையவை? நட்சத்திரத்தின் கதையும் இதுதான். ரஜினியின் பாணி என்பது, சிகரெட்டைச் சுண்டிப் பார்த்து, உதடு சுட்டுக்கொண்ட எண்ணற்ற பையன்களும் சேர்ந்து செய்த கூட்டுச் சிருஷ்டி. பட்டா மட்டும் ஒருவர் பெயரில்.

எதிர்வாதத்தில் வலு இல்லாமலில்லை. இன்று யந்திரம் ஒருவர் குரலைத் திருடி அவர் சொல்லாததைச் சொல்ல வைக்கிறது. முகத்தை எடுத்து ஆபாசத்தில் ஒட்டுகிறது. இதைப் பேச்சுச் சுதந்திரம் என்பவனோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் கோட்டை எங்கே கிழிப்பது? காசுக்காகச் செய்தால் குற்றம் என்பார்கள். இந்தப் பத்திரிகைக்கும் விலை உண்டு. காசு அளவுகோல் ஆகாது. ஒருவராகவே நடித்து ஏமாற்றுவது வேறு, ஒருவரைப் பற்றிப் பேசுவது வேறு. முன்னது மோசடி, அதற்குச் சட்டம் போதும். பின்னது விமர்சனம், கேலி, கவிதை, கதை. பொய்யும் குழப்பமும் நிரூபிக்கப்பட வேண்டாம் என்னும்போது இந்த வேறுபாடுதான் அழிகிறது. டெல்லி உயர்நீதிமன்றமே 2023 ஏப்ரலில், கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் டிஜிட்டல் அட்டைகள் பற்றிய வழக்கில், கேலியும் கலையும் செய்தியும் இவ்வுரிமைக்குள் அடங்கா என்றது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

ஜெயலலிதாவைப் பற்றிய 'தலைவி' படத்தை நிறுத்தக் கோரிய வழக்கில், அந்தரங்கமும் கீர்த்தியும் ஆளோடு முடிந்துபோகின்றன, வாரிசுக்குப் போகா என்று 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. நல்லது. ஆனால் உயிருள்ளவரை பூட்டு, செத்தபின் திறப்பு என்றால், எழுத்தாளன் நட்சத்திரங்களின் சாவுக்குக் காத்திருக்கும் வெட்டியானாகிவிடுவான்.

இது நட்சத்திரங்களின் பிரச்னை, நமக்கென்ன என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். முப்பது வருஷம் ஒரு ஊர் யாரைப் பார்த்துக் கனவு கண்டதோ, அந்தப் பெயரைச் சொல்லாமல் அந்த ஊரைப் பற்றி ஒரு நாவல் எழுத முடியாது. வக்கீல் நோட்டீஸுக்குப் பயந்து 'ஒரு பிரபல நடிகர்' என்று எழுதத் தொடங்கினால், நம் எழுத்தில் இருக்கும் மனிதர்கள் எல்லாரும் முகமில்லாதவர்களாகப் போவார்கள். நட்சத்திரத்துக்கு முகம் மிஞ்சும். நமக்கு மிஞ்சாது.