ரேகைச் சட்டமும் திருட்டின் ஐந்து உறுப்புகளும்

போன பொங்கலுக்குக் கம்பம் போயிருந்தபோது அக்கா மகனின் நோட்டு ஒன்று கையில் கிடைத்தது. பையன் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "குற்றவியல் சட்டத்தின் கோட்பாடுகளும் குற்றங்களும்" என்று மேலே எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டிருந்தான். நான் வக்கீல் இல்லை. பி.இ. படித்து இருபது வருஷத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருப்பவன். ஆனால் விதிகளைப் படிப்பதும் அதில் ஓட்டை தேடுவதும்தான் என் பிழைப்பு. அதனால் ஆர்வமாகப் புரட்டினேன்.

முதல் பக்கத்திலேயே அடிப்படை வந்துவிடுகிறது. குற்றம் என்றால் ஒரு செயல் வேண்டும், அதன் பின்னால் குற்ற மனம் வேண்டும். வெறும் எண்ணம் குற்றமாகாது. ஒருவர் செய்ததற்கு அவரே பொறுப்பு. நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பில். பழைய கெட்ட நடத்தையைக் காட்டி இப்போதைய வழக்கை நிரூபிக்க முடியாது (பழைய சாட்சியச் சட்டம், பிரிவு 54).

அடுத்து திருட்டு. ஐ.பி.சி. 378, இப்போது பி.என்.எஸ். 303. ஐந்து உறுப்புகள்: நேர்மையற்ற எண்ணம், அசையும் பொருள், இன்னொருவர் வசம் இருப்பது, அவர் சம்மதம் இல்லாமை, எடுப்பதற்காக நகர்த்துவது. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் திருட்டு இல்லை. தன் பொருள் என்று உண்மையாகவே நம்பி இன்னொருவன் பொருளை எடுத்தால் திருட்டு ஆகாது என்று சட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கு மெக்காலே மேல் மரியாதை வந்தது. 1837ல் வரைவு, 1860ல் சட்டம், 1862 ஜனவரி 1 முதல் அமல், 511 பிரிவுகள். சுத்தமான கோடிங் என்றே சொல்லுவேன்.

நோட்டை மூடிவிட்டு அவனிடம் கேட்டேன்: "குற்றப் பரம்பரைச் சட்டம் எங்கடா?"

"அது சிலபஸ்ல இல்ல மாமா. ஹிஸ்டரி பேப்பர்ல ரெண்டு வரி வரும்."

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வரி பற்றித்தான்.

நம்ம ஊரில் இரண்டு சட்டம்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் "ரேகைச் சட்டம்" என்ற சொல் தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871ல் வட இந்தியாவுக்காக வந்தது. 1911ல் திருத்தி எழுதி சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். 1924ல் மறுபடி ஒரு தொகுப்பு. 1914க்கும் 1918க்கும் இடையில் மதுரைச் சீமையின் பிறமலைக் கள்ளர்கள் படிப்படியாக அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். அன்றைக்கு நம்ம பள்ளத்தாக்கும் மதுரை மாவட்டம்தான். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள்.

சம்பவம் பலருக்குத் தெரியும். சட்டத்தின் பிரிவுகளைப் படித்தவர்கள் குறைவு. நான் ஒரு வாரம் உட்கார்ந்து, ஐ.பி.சி.யை ஒரு பக்கமும் இதை ஒரு பக்கமும் வைத்து, இரண்டு ஃபைல்களை ஒப்பிடுவது மாதிரி ஒப்பிட்டேன். கிடைத்த வித்தியாசங்கள் இவை.

ஒன்று. ஐ.பி.சி. "யார் ஒருவர் இன்னது செய்கிறாரோ" என்று தொடங்கும். குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு குழுவிலிருந்து தொடங்கும். ஜாமீனில் விட முடியாத குற்றங்களை வழக்கமாகச் செய்யும் கூட்டம் என்று அரசு கருதினால், ஒரு அறிவிக்கை போதும். செயலுக்கு இருந்த இடத்தில் பிறப்பு வந்து உட்கார்ந்துவிட்டது.

இரண்டு. அந்த அறிவிக்கை சரியா தப்பா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அறிவிக்கை வந்ததே அது முறைப்படி வந்தது என்பதற்கு முடிவான சான்று. ஒரு ஃபங்க்ஷன் தன் அவுட்புட்டைத் தானே சரிபார்த்து "சரி" என்று சொல்லிக்கொள்வது மாதிரி.

மூன்று. பதிவான ஆள் சந்தேகப்படும்படியான சூழ்நிலையில் ஓரிடத்தில் இருந்து, திருடவோ கொள்ளையடிக்கவோ சமயம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நீதிமன்றம் கருதினால் மூன்றாண்டு வரை சிறை. ஐ.பி.சி. 379ல் சாதாரணத் திருட்டுக்கே உச்சபட்சம் மூன்றாண்டுதான். ஐந்து உறுப்புகளும் சேர்ந்தால் மற்றவனுக்குக் கிடைக்கும் தண்டனை, ஓர் உறுப்புகூட முழுசாக இல்லாமலே இவனுக்குக் கிடைக்கும்.

நான்கு. ஐ.பி.சி. 75 பழைய தண்டனை உள்ளவருக்குக் கூடுதல் தண்டனை தரலாம் என்கிறது. அது உச்சவரம்பு, நீதிபதி குறைக்கலாம். இந்தச் சட்டமோ அட்டவணையில் உள்ள குற்றங்களில் இரண்டாம் முறைக்கு ஏழாண்டுக்குக் குறையாமல், மூன்றாம் முறைக்கு ஆயுள் முழுக்க நாடுகடத்தல் என்கிறது. சிறப்புக் காரணம் எழுதினால்தான் விலக்கு.

ஐந்து. ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்கிறது ஐ.பி.சி. 82. இங்கே ஆறு வயது தாண்டிய பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம். பிள்ளை எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு சட்டங்களும் ஒரே அரசு எழுதியவை, ஒரே காலத்தில் அமலில் இருந்தவை. அதனால்தான் இரண்டு வரியை ஹிஸ்டரி பேப்பருக்குத் தள்ளுவது எனக்குத் தப்பாகப் படுகிறது. கோட்பாடுகளைப் படிக்கிற மாணவன், அந்தக் கோட்பாடுகள் யாருக்குப் பொருந்தாமல் வைக்கப்பட்டன என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அது கோட்பாட்டுப் பாடம். விதிவிலக்கைச் சொல்லாமல் விதியை மட்டும் சொல்வது விளம்பரம்.

எதிர்ப்பக்க வாதம்

இங்கே நிறுத்தினால் கைதட்டு கிடைக்கும். ஆனால் நேர்மையாக இருக்காது.

களவும் காவலும் கற்பனை இல்லை. ஊர்க்காவலுக்குக் கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும். "துப்புக்கூலி" கொடுத்தால் மாடு திரும்பி வரும். 1896ல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் சேர்ந்து கள்ளர் காவலை விரட்டியது சும்மா நடக்கவில்லை. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' உட்பட இந்தக் களவு வாழ்க்கையை எழுதிய எழுத்துகளில் சாகசம் அழகாக வருகிறது. மாட்டைப் பறிகொடுத்துவிட்டு மறுநாள் ஏர் பூட்ட முடியாமல் நின்றவன் அந்த அளவுக்கு வருவதில்லை. அவனும் ஏழைதான்.

நான் கேட்பது வேறு: துப்புக்கூலியைத் தண்டிக்க ஐ.பி.சி.யில் வழி இல்லையா? இருந்தது! பிரிவு 215. திருட்டுப் பொருளை மீட்டுத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கினால், குற்றவாளியைப் பிடிக்கத் தன்னால் ஆன எல்லாவற்றையும் செய்திருந்தால் ஒழிய, இரண்டாண்டு வரை சிறை. இன்றைக்கு அது பி.என்.எஸ். 252. கூட்டமாகத் திருடுவதற்கு? பிரிவு 400, 401. கொள்ளைக் கூட்டத்தையோ, வழக்கமாகத் திருடச் சேர்ந்த கூட்டத்தையோ சேர்ந்தவன் என்பதே குற்றம். கொள்ளைக்கு ஆயத்தம் செய்தால் 399.

ஆக ஐ.பி.சி.யிலும் "சேர்ந்தவன்" என்ற குற்றம் உண்டு. ஆனால் அங்கே கூட்டம் என்று ஒன்று இருப்பதையும், அது திருட்டுக்காகவே சேர்ந்தது என்பதையும், இந்த ஆள் அதில் உண்டு என்பதையும் சாட்சி வைத்து நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வேண்டிய கருவி எல்லாம் கையில் இருந்தது. அதைப் பயன்படுத்த விசாரணை வேண்டும், சாட்சி வேண்டும், உழைப்பு வேண்டும். ரேகைச் சட்டம் அந்த உழைப்பை மிச்சப்படுத்தியது. என் கணிப்பில் அதன் முழு ரகசியமும் இதுதான்.

ஆனந்த் பாண்டியன் நம்ம பள்ளத்தாக்கில் தங்கி ஆய்வு செய்து 2009ல் வெளியிட்ட 'குரூக்கட் ஸ்டாக்ஸ்' நூலை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். "திருத்தப்பட வேண்டியவர்கள்" என்று முத்திரை குத்தப்பட்ட மக்கள், உழவையும் நல்ல நடத்தையையும் எப்படித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பதை அந்தப் புத்தகம் நிதானமாகப் பார்க்கிறது. 1895ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து தண்ணீர் வந்தபின் இந்த மண் என்ன ஆனது என்பது நமக்குத் தெரிந்த கதைதான். அதைப் பயிரோடும் மனசோடும் சேர்த்துப் பார்த்தது அவர் பலம். ஆனால் "மனிதன் எப்படி நல்லவன் ஆகிறான்" என்ற கேள்வியைவிட, "அவன் கெட்டவன் என்று யார், எந்தச் சாட்சியில் முடிவு செய்தது" என்ற கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்க தோட்டத்து மோட்டார் ஒயர்

1994. நான் பிளஸ் ஒன். தேனி மாவட்டமே பிறக்கவில்லை. எங்கள் தோட்டத்துக் கிணற்றிலிருந்து மோட்டார் ஒயரை ஒரே ராத்திரியில் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா ஸ்டேஷனில் புகார் கொடுத்தபோது "யார் மேலயாவது சந்தேகமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா ஒரு பெயர் சொன்னார். அது என் பள்ளித் தோழனின் அப்பா. பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவர் மேல் சந்தேகப்பட ஒரு காரணமும் கிடையாது, அவருடைய சாதியைத் தவிர. அவரை இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் வாரம் ஒயர் பழைய இரும்புக் கடையில் பிடிபட்டது. விற்றது எங்களுக்கே தூரத்துச் சொந்தம். அப்பா புகாரை வாபஸ் வாங்கிவிட்டார். "நம்ம பையன், ஏதோ புத்தி கெட்டுப் போயி..." என்றார். நம்ம பையனுக்கு மட்டும் சூழ்நிலை, மனநிலை, முதல் தப்பு, எல்லா உறுப்பும் தனித்தனியாக ஆராயப்பட்டது. அவருக்கு ஐந்தில் ஒன்றுகூடப் பார்க்கப்படவில்லை. அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தோழனின் தாத்தா அப்போது உயிரோடு இருந்தார். என்பது வயது இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "எங்க காலத்துல ராதாரிச் சீட்டு இல்லாம அடுத்த ஊருக்குப் போக முடியாதுப்பா. இப்பச் சீட்டு இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947 ஜூனில் ரத்தானது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31ல். எங்கள் வீட்டில் அது 1994 வரை அமலில் இருந்தது.

இப்போது

ரத்து செய்த கையோடு 1948ல் சென்னையில் வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சாதி போய் "வழக்கம்" வந்தது. இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. தனிமனிதனின் பதிவைப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பதிவை எழுதுவது யார்? ஒரே ஆள் மேல் திரும்பத் திரும்பச் சந்தேகப்பட்டால் அவன் பெயர் திரும்பத் திரும்ப ரெக்கார்டில் ஏறும். பிறகு ரெக்கார்டே சந்தேகத்துக்குக் காரணமாகும். டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சுழற்சி நன்றாகத் தெரியும்.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாடுகளை நீக்கியது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் பழக்கத்தையும் கண்டித்து, அவர்கள் தன்னிச்சையாகக் கைது செய்யப்படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. சட்டம் ரத்தாகி 72 வருஷம் கழித்தும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு தற்செயல். பெருங்காமநல்லூர் நடந்த அதே 1920ல்தான் கைதிகள் அடையாளச் சட்டமும் வந்தது. அதன் இடத்தில் 2022ல் புதுச் சட்டம்: விரல் ரேகை, கருவிழி உள்பட அளவுகளை எடுத்து 75 ஆண்டு வைத்திருக்கலாம். விடுதலையான, முன்தண்டனை இல்லாதவர்களின் பதிவை அழிக்க விதி இருக்கிறது, ஆனால் மாஜிஸ்திரேட் வேறுவிதமாக உத்தரவிடலாம். இது சாதியைப் பார்க்கும் சட்டம் இல்லை. எடுத்தவுடன் ரேகைச் சட்டத்தோடு சமப்படுத்துவதும் சரியில்லை. ஆனால் அழிப்பது நடக்கிறதா என்று யார் சரிபார்ப்பார்கள்? என் தொழிலில், டேட்டாவைச் சேர்க்க ஓடி வருபவன் அதை அழிக்க வரமாட்டான்.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நோட்டில் திருட்டின் ஐந்து உறுப்புகளுக்குக் கீழே ஆறாவதாக ஒரு வரி எழுதினான்: "யார் என்பது உறுப்பு அல்ல."

பரீட்சையில் இதற்கு மார்க் கிடைக்காது. ஆனால் நாளைக்கு அவன் கோர்ட்டில் நிற்கும்போதோ, காக்கி போட்டுக்கொண்டு "யார் மேலயாவது சந்தேகமா?" என்று யாரிடமாவது கேட்கும்போதோ, அந்த வரி ஞாபகம் வந்தால் போதும்.

பிரிவு எண்களில் எங்காவது தவறியிருந்தால் சட்டம் படித்தவர்கள் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். தோழனின் அப்பா இன்றும் இருக்கிறார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரைப் பார்க்க வேண்டும். முப்பது வருஷம் தள்ளிப்போட்ட வேலை.