கைவசமும் உரிமையும்: பழங்கணினி மீட்பு குறித்து ஒரு நோக்கு

வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் வாழ்வோர்க்கு ‘அனுமதிப்பத்திரக் காணி’, ‘உறுதிக் காணி’ என்னும் வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் குடியிருக்கலாம், பயிரிடலாம், ஆயினும், எழுத்திலான சம்மதமின்றி அதனைக் கைமாற்ற இயலாது. கைவசம் வேறு, உரிமை வேறு. பழங்கணினிகளை மீட்கும் முயற்சியிலும் இவ்வேறுபாடே சிக்கலாக நிற்கின்றது.

எமுலேற்றர் என்பது வழக்கொழிந்த கணினியொன்றைப் புதிய கணினியினுள் இயங்கச்செய்யும் மென்பொருளாகும். அதனை ஆக்கியோர் கட்டற்றதாக வழங்கலாம். ஆனால், பழைய கணினியின் ரொம் சில்லிற் பதிந்திருந்த ஆணைத்தொகுதியின்றி அது பெரும்பாலும் பயன்தராது. அத்தொகுதியின் பதிப்புரிமையோ பிறர்க்குரியது. 1982இல் வெளிவந்த சின்கிளயர் ஸ்பெக்ட்ரம் கணினி இதற்குத் தக்க சான்று. 1986இல் சின்கிளயரின் கணினித் தொழிலை வாங்கிய அம்ஸ்ட்ராட் நிறுவனம், 1999இல், பதிப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அந்த ரொம்களை எமுலேற்றர்களுடன் விநியோகிக்க இசைந்தது. பெருந்தன்மையான செயலே. எனினும், தன்னார்வலர்கள் 1993 முதல் தொகுத்துவரும் டெபியன் என்னும் திறந்த மூலத் தொகுப்பு, அவற்றைத் தன் பிரதான பிரிவிற் சேர்க்காது, கட்டற்றதல்லாத பிரிவிலேயே வைத்தது. விற்கவும், மாற்றவும், மாற்றியதை வழங்கவும் எவர்க்கும் தடையிராத மென்பொருளே பிரதான பிரிவுக்குரியது என்பது 1997இல் அது வகுத்த நெறி.

இதனை வீண் பிடிவாதம் என்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. டெபியனைப் பிரதிசெய்து விற்பவரும், திருத்தியமைப்பவரும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே சட்டத்தரணியை நாடாதிருப்பது இக்கண்டிப்பினாலேயாம். குறை பிறிதோரிடத்தில் உள்ளது. ஸ்பெக்ட்ரத்துக்கெனக் கட்டற்ற மாற்று ரொம் ஒன்றும் எழுதப்பட்டுள்ளது. அதனால் எமுலேற்றர் இயங்கும். ஆனால் மூலம் பேணப்படுவதில்லை. எரிந்துபோன ஏட்டுக்கு ஈடாக, அதே பொருளிற் புதியதொரு நூலை எழுதிவைப்பது போன்றதே அது.

ஆதலின், நெறியைத் தளர்த்துமாறு தொகுப்பாளரைக் கேட்பது பொருந்தாது. முழு விடுதலையை உரிமையாளரிடமே கேட்டல் வேண்டும். இதற்கு நம்மிடையே முன்மாதிரி உண்டு. பாரதியாரின் ஆக்கங்களுக்கான உரிமையை 1949இற் சென்னை அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்கே வழங்கிற்று. அதனாலன்றோ இன்று எவரும் எவரையும் கேளாமலே அவற்றை அச்சிட முடிகின்றது! இடப்பெயர்வுகளில் நூல்களையும் பத்திரங்களையும் இழந்த மண்ணிலிருந்து நோக்குவோர்க்கு ஒன்று தெளிவாகும்: காத்துவைப்பதற்கு ஒரு பிரதி போதும், அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதற்கு உரிமை வேண்டும்.