அம்மாவின் கணுக்காலும் எச்எம்ஜிபி1-உம்

போன ஐப்பசி மழையில், கொழுந்து நிறைந்த கூடையோடு மலையிறங்கிய அம்மா படியில் வழுக்கி விழுந்தார். தோலில் ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. லயத்துக்கு வந்து சேர்வதற்குள் கணுக்கால் பளபளவென்று வீங்கிவிட்டது. தொட்டால் சுட்டது.

“காயமே இல்ல, கிருமி எப்பிடிப் போகும்? பின்ன ஏன் புள்ள இப்பிடிக் கொதிக்குது?” என்று கேட்டார்.

நான் பூண்டுலோயாவில் உயர்தர உயிரியலுக்கு டியூஷன் எடுப்பவள். அழற்சி என்றால் கிருமியை எதிர்க்கும் வேலை என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்குப் பதில் சொல்ல அது போதவில்லை. அன்று இரவு போனில் தேடத் தொடங்கினேன். அப்போது பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை!

எச்எம்ஜிபி1. வெறும் 215 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். 1973இல் குட்வினும் ஜோன்ஸும் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த புரதக் கூட்டத்தைச் சேர்ந்தது. மின்புலத்தில் ஜெல்லுக்குள் வேகமாக ஓடியதால் ‘அதிவேக நகர்வுக் குழு’ என்று பெயர் வைத்தார்கள். செல்லின் கருவுக்குள் டி.என்.ஏ.வைப் பிடித்து வளைத்து, மரபணுக்களைப் படிக்கும் மற்றப் புரதங்களுக்கு இடம் அமைத்துக் கொடுப்பது இதன் அன்றாட வேலை. வீட்டுக்குள்ளேயே இருந்து வீட்டைப் பார்க்கிற ஆள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

1999இல் நியூயோர்க்கில் ஹைச்சாவோ வாங், கெவின் ட்ரேசி குழுவினர் இது செல்லுக்கு வெளியிலும் திரிவதைக் கண்டார்கள். எலிகளுக்குப் பாக்டீரியா நச்சைக் கொடுத்தால் டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருட்கள் சீக்கிரமே ஏறி இறங்கிவிடும். இதுவோ 8 மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தில் ஏறுகிறது, 32 மணி நேரம் வரை அங்கேயே நிற்கிறது. அதைத் தடுத்தபோது எலிகள் பிழைத்தன.

ஆனால் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைத்தது 2002இல் ஸ்கஃபிடி, மிஸ்டெலி, பியாங்கி எழுதிய கட்டுரைதான். முறைப்படி, ஓசையில்லாமல் சாகிற செல்லில் எச்எம்ஜிபி1 டி.என்.ஏ.வை இறுகப் பிடித்தபடி அதோடேயே அடங்கிவிடுகிறது. நசுங்கி வெடித்துச் சாகிற செல்லிலிருந்தோ வெளியே கொட்டுகிறது. கொட்டி, அக்கம்பக்கத்து நோய் எதிர்ப்புச் செல்களை ‘இங்கே ஒரு சாவு விழுந்திருக்கிறது’ என்று கூவி அழைக்கிறது. கிருமியே வேண்டாம்! அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இதோ கிடைத்துவிட்டது. அந்த நள்ளிரவில் அவரை எழுப்பிச் சொன்னேன். “அப்ப அது நல்லதா, கெட்டதா?” என்றார்.

எவ்வளவு சரியான கேள்வி! இந்தக் கூவல் ஓயாமல் நீடித்தால் அழற்சியும் நீடிக்கும், புற்றுநோய்க் கட்டி வளரவும் அது துணை போகும். அதே கூவல்தான் கட்டியைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. 2007இல் பாரிஸுக்குப் பக்கத்தில் ஸிட்வோகல், க்ரோமர் குழுவினர் கண்டது இது: மருந்தாலும் கதிர்வீச்சாலும் சாகிற புற்றுநோய்ச் செல்கள் எச்எம்ஜிபி1-ஐ வெளிவிடுகின்றன, அது டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பியைத் தட்டி நோய் எதிர்ப்புச் செல்களை உசுப்புகிறது. அந்த ஏற்பி பழுதான மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு, சிகிச்சைக்குப் பின் நோய் சீக்கிரம் திரும்பியது. ஒரே புரதம், இரண்டு முகம்!

அதே 2007இல் நம்ம தேயிலையும் இந்தக் கதைக்குள் வந்துவிட்டது. பச்சைத் தேயிலையில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற கேட்டச்சின் எச்எம்ஜிபி1-ஐத் தடுத்து, ரத்தத்தில் நோய்த்தொற்று பரவிய எலிகளைக் காப்பாற்றுகிறது என்று அதே வாங் குழுவினர் காட்டினார்கள். பியாங்கியின் குழு, அதிமதுரத்திலுள்ள கிளிசிரைசின் நேரே இந்தப் புரதத்தில் போய் ஒட்டுவதைக் கண்டது. ஆய்வுகூடத்தில் கண்டதை வீட்டு வைத்தியமாக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வேன். ஆனாலும் இருமலுக்கு அம்மாச்சி வாயில் போட்ட அதிமதுரத் துண்டின் இனிப்பு, அதைப் படித்த கணத்தில் நாக்கில் வந்து நின்றது.

மறுவாரம் பிள்ளைகளைத் தேயிலை ஸ்டோருக்குக் கூட்டிப்போனேன். வாட்டிய கொழுந்தை ரோலர் கசக்கி, நசுக்கி, சாறு வழியவிட்டது. அதுவரை இலைச் செல்லுக்குள் தனித்தனி அறைகளில் கிடந்த கேட்டச்சினும் நொதியும் செல் உடைந்ததும் கலக்கின்றன. அதனால் நம் கறுப்புத் தேயிலையில் ஈ.ஜி.சி.ஜி. பெரும்பகுதி தியாஃப்ளேவினாகவும் வேறு பொருட்களாகவும் மாறிவிடுகிறது. பச்சைத் தேயிலையில் சூடு காட்டி நொதியை முதலிலேயே அடக்கிவிடுவதால் அது தங்குகிறது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்தேன். பச்சை மெல்ல மெல்லச் செம்பு நிறமாகத் திரும்பியது, வாசம் எழுந்தது.

“டீச்சர், இதுவும் செல் உடைஞ்சி கூப்புடுற மாதிரிதானே?” என்றாள் கடைசி வரிசைப் பிள்ளை.

இலையில் எச்எம்ஜிபி1 கூவவில்லைதான். ஆனாலும் அந்தப் பிள்ளையை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டேன்.