அமைவுக் கோப்பு எங்கே? கட்டளைவரி நிரல்களின் தேடல் வழக்கம்: ஒரு மதிப்பீடு

கட்டளைவரி நிரல் ஒன்று தொடங்கும்போது பயனரின் விருப்பங்களை அறிந்துகொள்ளப் படிக்கும் உரைக் கோப்பு அமைவுக் கோப்பு எனப்படும். பயனர் பெயர், மின்னஞ்சல், திரை நிறம், விசைச் சுருக்கங்கள் போன்றவை இதில் இருக்கும். இக்கோப்பை நிரல் எங்கே, எந்த வரிசையில் தேடுகிறது என்பது சிறிய செய்திபோலத் தோன்றும். ஆனால் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் பள்ளி ஆய்வகத்தில் இது பாதுகாப்புச் சிக்கலாகவும் மாறலாம். லினக்சு இயங்குதளத்தில் நிலவும் வழக்கத்தின் நிறைகுறைகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

புள்ளிக் கோப்புகளின் தோற்றம்

யூனிக்சில் ஒவ்வொரு நிரலும் தன் அமைவைப் பயனரின் ஹோம் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயரில் வைத்தது. '.பாஷ்ஆர்சி', '.விம்ஆர்சி' ஆகியவை எடுத்துக்காட்டுகள். இப்பெயர்கள் சாதாரணப் பட்டியலில் தெரிவதில்லை. இது திட்டமிட்ட ஏற்பாடு அன்று என்று யூனிக்சு உருவாக்கத்தில் பங்கேற்ற ராப் பைக் 2012இல் விளக்கினார். நடப்புக் கோப்புறையையும் அதன் மேல் கோப்புறையையும் குறிக்கும் '.', '..' ஆகிய இரண்டை மட்டும் மறைக்க எண்ணி, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும்படி 'எல்எஸ்' கட்டளையை எழுதிவிட்டனர். அந்தக் குறுக்குவழியே பின்னர் மரபாகிவிட்டது.

2003இன் சீர்திருத்தம்

ஹோம் கோப்புறையில் சேர்ந்த நெரிசலைக் குறைக்க 2003இல் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் வழியாக எக்ஸ்டிஜி அடிப்படைக் கோப்புறை விதிமுறை வந்தது. இதன்படி அமைவுகள் '.கான்ஃபிக்' கோப்புறையிலும், நிரலின் தரவுகள் '.லோக்கல்/ஷேர்' கோப்புறையிலும், தற்காலிகக் கோப்புகள் '.கேஷ்' கோப்புறையிலும் இருக்க வேண்டும். வேறு இடம் வேண்டுவோர் சூழல் மாறிகள் மூலம் மாற்றிக்கொள்ளலாம். 2021இல் வந்த பதிப்பு, கட்டளை வரலாறு போன்றவற்றுக்கு '.லோக்கல்/ஸ்டேட்' என்ற நான்காம் இடத்தையும் சேர்த்தது.

இதன் பயன் தெளிவானது. எதை அழிக்கலாம், எதைப் படியெடுத்துக் காக்க வேண்டும் என்பது இடத்தைப் பார்த்தே தெரியும். மாணவர் ஒருவர் '.கான்ஃபிக்' கோப்புறையை மட்டும் பென்டிரைவில் எடுத்துச் சென்று வீட்டுக் கணினியிலும் அதே அமைவைப் பெறலாம். ஆனால் கடவுச்சொற்களும் அதற்குள் இருக்கக்கூடும் என்பதால், அதை அப்படியே இணையத்தில் பகிரக் கூடாது.

நடைமுறையில் காணும் குறை

விதிமுறை கட்டாயமில்லை. கிட் 2012இலும், டிமக்ஸ், ஈமேக்ஸ் ஆகியவை 2020இலும், விம் 2024இலும்தான் புதிய இடத்தை ஏற்றன. பாஷ் இன்னும் பழைய இடத்திலேயே தேடுகிறது. தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகைகளை லினக்சில் வழங்கும் எம்17என் நூலகமும் நெடுங்காலம் ஹோம் கோப்புறையில் '.எம்17என்.டி' என்ற தனி இடத்தையே பயன்படுத்தியது.

புதிய இடத்தை ஏற்ற நிரல்களிலும் ஒற்றுமை இல்லை. பழைய இடத்தில் '.ஈமேக்ஸ்' இருந்தால் ஈமேக்ஸ் புதிய இடத்தைப் பார்ப்பதே இல்லை. கிட் இரண்டையும் படிக்கிறது. முரண்பட்டால் பழையதே வெல்லும். எனவே ஒரு மாணவர் புதிய கோப்பைச் சரியாகத் திருத்தியும் மாற்றம் எதுவும் நிகழாமல் போகலாம். பிழைச்செய்தியும் வராது.

பிறர் எழுதிய அமைவு

பல நிரல்கள் மூன்று அடுக்குகளைப் படிக்கின்றன: கணினி முழுமைக்கும் உரிய '/ஈடிசி', பயனரின் ஹோம் கோப்புறை, வேலை செய்யும் கோப்புறை. பொதுவாகப் பின்னது முன்னதை வெல்லும். மூன்றாம் அடுக்கை வேறொருவர் எழுதியிருந்தால் ஆபத்து உண்டு. கிட், திட்ட அமைவைத் தேடி மேல் கோப்புறைகளுக்கும் ஏறிச் செல்லும். பொதுக் கணினியில் மற்றொருவர் மேல் கோப்புறை ஒன்றில் வைத்த அமைவின் வழியே, நம் பெயரில் அவருடைய கட்டளைகள் இயங்கக்கூடும் என்பது 2022 ஏப்ரலில் வெளிப்பட்டது. அதன்பின் கிட், கோப்புறையின் உரிமையாளர் வேறொருவராக இருந்தால், பயனர் வெளிப்படையாக அனுமதிக்காதவரை மறுத்துவிடுகிறது.

மதிப்பீடு

விதிமுறை நல்லது. ஆயினும் இடத்தை மாற்றினால் மட்டும் குறை தீராது. எதைப் படித்தேன் என்று நிரல் சொல்லாமல் இருப்பதே பெருங்குறை. விடை தவறு என்று மட்டும் குறித்து, எந்தப் படியில் தவறு என்று காட்டாத திருத்தத்தால் மாணவர் ஒன்றும் கற்பதில்லை. இங்கு தவறு என்ற குறிகூடக் கிடைப்பதில்லை.

நல்ல முன்மாதிரிகளும் உள்ளன. 'எஸ்எஸ்ஹெச்' கட்டளையுடன் '-வி' சேர்த்தால் தான் படிக்கும் ஒவ்வொரு அமைவுக் கோப்பின் பாதையையும் காட்டும். கிட்டின் 'கான்ஃபிக் --லிஸ்ட்' கட்டளையுடன் '--ஷோ-ஆரிஜின்' சேர்த்தால் ஒவ்வொரு அமைவும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று தெரியும். விம்முடன் '--வெர்ஷன்' கொடுத்தால் அது தேடும் இடங்களின் பட்டியல் கிடைக்கும். நிரல் எழுதக் கற்கும் மாணவர்கள் தங்கள் முதல் நிரலிலேயே இப்படியொரு வசதியைச் சேர்க்கலாம்; அதற்குச் சில வரிகளே போதும். ஒரு நிரலின் அமைவைத் திருத்தத் தொடங்குமுன், அது உண்மையில் எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று கேட்டறிவதே முதல் படி.