கூடுதலாக ஒரு மணி நேரம்

பொதுத்தேர்வு எழுதும் மாற்றுத்திறனாளி மாணவருக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் சலுகைகளில் மூன்று எல்லோருக்கும் தெரிந்தவை: சொல்வதை எழுத ஒருவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு. பார்வையற்றவர்களும் கை செயலிழந்தவர்களும் இவற்றால் பட்டப்படிப்பு வரை போயிருக்கிறார்கள். ஆனால் விபத்தில் தலையில் அடிபட்டுப் பிழைத்து வந்த பிள்ளைக்கு இதே சலுகையைக் கொடுக்கும்போது, வேறொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை மாட்டிவிட்டதுபோல் ஆகிறது.

பைக்கிலிருந்து விழுந்து மூளையில் அடிபட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவனை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்து வகுப்புக்கு வருகிறான். மழித்த தலையில் முடி வளர்ந்துவிட்டது, நடையிலும் குறையில்லை. போன வருடம் மனப்பாடம் செய்த குறளைத் தடங்கலின்றிச் சொல்கிறான். காலையில் நடத்திய இயற்பியல் பாடம் மட்டும் மதியத்துக்குள் நழுவிவிடுகிறது. பழைய சேமிப்பு அப்படியே இருக்க, புதிதாகச் சேர்ப்பதில்தான் கோளாறு. மின்விசிறிச் சத்தம், நாற்பது பேரின் பேச்சு, கரும்பலகை எல்லாவற்றையும் ஒன்றாகச் சமாளித்துப் பதினொரு மணிக்கே களைத்துவிடுகிறான். களைப்பு எரிச்சலாக வெளிப்படுகிறது. “நல்லா படிச்ச பையன்தான், இப்ப திமிரு வந்துடுச்சு” என்கிறார் ஆசிரியர். அவர்மேல் பழி போட மனம் வரவில்லை. காயம் கண்ணுக்குத் தெரிந்தால்தானே?

இவனுக்கு எழுத ஓர் ஆளைக் கொடுத்தால் என்ன ஆகும்? விடையைச் சொல்ல வேண்டுமானால் வாக்கியத்தை மனத்தில் கட்டி, எழுதுபவர் முடிக்கும்வரை அதைப் பிடித்து வைத்து, அடுத்ததையும் யோசிக்க வேண்டும். அவனுக்குப் பலவீனமான இடமே அதுதான். கை நடுங்கும் பிள்ளைக்கு அந்த ஆள் வரப்பிரசாதம். நினைவு நழுவும் பிள்ளைக்கு இன்னொரு சுமை. கூடுதல் நேரத்தின் கதையும் இதுவே. மெதுவாக யோசிப்பவனுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் மூன்று மணி நேரத்தில் சோர்ந்து விழுபவனை நான்காவது மணி நேரமும் உட்கார வைப்பது என்ன உதவி? நடுவே கால் மணி நேரம் கண்ணை மூடிப் படுக்க விட்டால் போதும். அந்த இடைவேளை நம் சலுகைப் பட்டியலில் பேசப்படுவதே இல்லை.

சான்றிதழிலும் ஒரு சிக்கல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. தலைக்காயம் அதில் தனி வகையாக இல்லை. கைகால் பலவீனம், பேச்சுக் குறை என்று வேறு பெயரில்தான் உள்ளே நுழைய வேண்டும். அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டம் 1990லேயே இதைத் தனி வகையாக்கிவிட்டது. மேலும், சான்றிதழ் ஒரு நாளின் அளவை. மூளைக்காயமோ மாறிக்கொண்டே இருக்கும். முதல் மாதங்களில் வேகமாகத் தேறும். சின்ன வயதில் முன்மூளையில் பட்ட அடி, திட்டமிட்டுப் படிக்க வேண்டிய வகுப்புக்கு வரும்போதுதான் தெரியவரும். எட்டாம் வகுப்புவரை எல்லோரும் தேர்ச்சி என்ற நல்ல ஏற்பாடே இந்தச் சரிவை மூடி மறைக்கவும் செய்கிறது.

இவ்வளவு சொல்லியும் தேர்வுச் சலுகையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்கு ஆணை இருக்கிறது. தேர்வறைக் கண்காணிப்பாளரின் இரக்கத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. வகுப்பறை உதவி அப்படியா? அச்சடித்த குறிப்பு, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, சத்தம் குறைந்த இடம், தேர்வை இரண்டு அமர்வாகப் பிரிப்பது என்று பெரிய செலவில்லாத வழிகள் எத்தனையோ உண்டு. எல்லாம் ஓர் ஆசிரியரின் நல்ல மனத்தில் தொங்குகின்றன. அவர் மாற்றலாகிப் போனால் எல்லாம் போச்சு. நல்ல மனமும் சில சமயம் வழி தவறும்: கணக்குப் போடச் சொல்லாமல், பாவம் என்று மணியடிக்கவும் வருகைப் பதிவேடு தூக்கவும் அனுப்பிவிடுவார்கள்.

முழுக்கக் குணமாகும்வரை வீட்டிலேயே இருக்கட்டும் என்பதும் அந்த வகைப் பரிவுதான். லேசான மூளை அதிர்ச்சிக்கு அது பொருந்தாது. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வு சொல்லப்பட்ட இளையோர்தான் அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களும் ஓரிரு நாள் மிதமான ஓய்வுக்குப் பின் படிப்படியாகத் திரும்பச் சொன்னார்கள். அரைநாள் பள்ளி, பிறகு முழுநாள். ஆனால் அரைநாள் வந்தவனை வருகைப் பதிவேட்டில் எப்படிக் குறிப்பது என்பதிலேயே நம் பள்ளி தடுக்கி நிற்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2007 முதல் பிரெய்ன்ஸ்டெப்ஸ் என்ற ஏற்பாடு நடக்கிறது. மூளைக்காயம் பட்ட பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது பயிற்சி பெற்ற குழு ஆசிரியர்களுக்குத் துணை நிற்கிறது. மாநிலத்தின் சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து அதற்கு நிதி தருகின்றன. இங்கே 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. உயிரைக் காக்க நாம் நன்றாகவே கற்றுக்கொண்டோம். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் தாளில் மாத்திரை இருக்கும், மறுபரிசோதனைத் தேதி இருக்கும். தலைமை ஆசிரியருக்கென்று ஒரு வரி இருக்காது.